கார்டியன்

 

போன வாரம் நான் போட்ட போட்டோவுக்கு இவ்வளவு பேர் லைக் போடுவீர்கள் என்று நினைக்கவில்லை. கரும்பலகை முன்னால் நான் நிற்கிறேன், சுற்றிலும் மூன்றாம் ஃபார்ம் பிள்ளைகள். "சார், இந்த வயசிலும் சேவை", "உங்க மாணவன்னு சொல்லப் பெருமையா இருக்கு" என்றெல்லாம் எழுதியிருந்தீர்கள். வாசிக்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தப் படத்தின் இடது ஓரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு கையும் அதில் ஒரு துணிப்பையும் மட்டும் தெரியும். அது என் மனைவி. படம் எடுத்த பையன் என்னை நடுவில் வைக்கிற முயற்சியில் அவளை வெட்டிவிட்டான். நானும் கவனிக்காமல் அப்படியே போட்டுவிட்டேன். மூன்று நாள் கழித்துத்தான் என் கண்ணில் பட்டது.

அதனால் இந்தப் போஸ்ட். கொஞ்சம் நீளம். பொறுமை இல்லாதவர்கள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வாசியுங்கள்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று சொல்லிவிடுகிறேன். ஆப்பிரிக்காவின் தென்கிழக்கில் மலாவி என்று ஒரு நாடு. அதன் தெற்குப் பகுதியில் சோம்பா. பெயரைக் கேட்டதும் என் பழைய மாணவன் ஒருவன், "சார், ரிட்டயர் ஆன வாத்தியாருக்கு ஏத்த ஊர்தான்" என்றான். 1975 வரை இதுதான் நாட்டின் தலைநகர், அதற்குப் பிறகுதான் லிலாங்வே. ஊருக்குப் பின்னால் பெரிய மலை. எங்கள் சபை வழியாக, ஒரு மிஷன் பள்ளியில் இரண்டு வருஷம் கணக்குப் பாடம் எடுக்க வந்திருக்கிறேன். சம்பளம் கிடையாது. பென்ஷனில்தான் ஜீவனம். 2023 செப்டம்பரில் வந்தோம்.

என் இளவயதில் நம் பக்கத்திலிருந்து எத்தியோப்பியாவுக்கும் நைஜீரியாவுக்கும் வாத்தியார் வேலைக்குப் போனவர்கள் உண்டு. லீவுக்கு வரும்போது அவர்கள் டேப் ரிக்கார்டர் கொண்டுவருவார்கள். எனக்கும் ஆசை இருந்தது, வீட்டில் விடவில்லை. அறுபத்தி நாலு வயதில் அந்த ஆசை வேறு மாதிரி நிறைவேறியது. டேப் ரிக்கார்டர்தான் இல்லை.

இப்போது இங்கே குளிர்காலம். சிப்பெரோனி என்று சொல்வார்கள்: மேகம் இறங்கி, தூறல் விழுந்து, இரண்டு மூன்று நாள் வெயிலே தெரியாது. அங்கே குற்றாலத்தில் சாரல் அடிக்கிற அதே ஜூன், ஜூலையில் இங்கேயும் சாரல். வித்தியாசம் என்னவென்றால், நம் சாரலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்கு ஓடலாம், இங்கே ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு அடுப்பு ஓரத்தில் உட்கார வேண்டியதுதான். காலை ஐந்து மணிக்கு எழுந்திருப்போம். கரண்ட் இருந்தால் ஹீட்டர் ஸ்டவ், இல்லாவிட்டால் ம்பவுலா என்கிற கரி அடுப்பு. இல்லாத நாள்தான் அதிகம். ஏழரைக்கு முதல் வகுப்பு. என் வகுப்பில் 71 பேர், கணக்குப் புத்தகம் 19. நாலு பேர் ஒரு புத்தகத்தின் மேல் தலையை முட்டிக்கொண்டு குனிவார்கள். ஆனால் சத்தம் இருக்காது. உங்களில் சிலருடைய செட்டை நினைத்துக்கொள்வேன், பெயர் சொல்ல மாட்டேன்.

இங்கே பேச்சு சிச்சேவா மொழியில். ல, ர இரண்டும் பலருக்கு இடம் மாறிவிடும். "வாழைப்பழம்" என்று சரியாகச் சொல்ல உங்களோடு முப்பத்தி நாலு வருஷம் மல்லுக்கட்டியவனுக்கு இது ஒன்றும் புதிதில்லை. கடையில் உப்பு வாங்கப் போனாலும் நேரே உப்பு கேட்கக் கூடாது. "முலி ப்வாஞ்ஜி?" எப்படி இருக்கிறீர்கள்? "ந்திலி ப்வீனோ, காயா இனு?" நன்றாக இருக்கிறேன், நீங்கள்? அதற்கும் பதில் வந்த பிறகுதான் உப்பு. எதைக் கொடுத்தாலும் "ஸிகோமோ". நன்றி என்று அர்த்தம். மரியாதையாகச் சொல்கிறவர்கள், இரண்டு உள்ளங்கையையும் குழித்து, சத்தம் வராதபடி மெல்லத் தட்டிக்கொண்டு சொல்வார்கள். பெண்களும் சின்னப் பிள்ளைகளும் முழங்காலை மடக்கித் தாழ்வார்கள். வீட்டில் ஒருவருக்கு ஒருவர் தண்ணீர் கொடுத்தாலும் ஸிகோமோ. முதல் மாதம் எனக்கு இது அதிகப்படியாகத் தெரிந்தது. நம் வீடுகளில் யார் யாருக்கு நன்றி சொல்கிறோம்? சொன்னால், "என்ன, என்னைப் பிரிச்சிப் பேசுதியா?" என்று சண்டைக்கு வருவார்கள்.

சரி, பிப்ரவரிக்கு வருகிறேன். "சார், ஒரு மாசமா போஸ்ட் இல்லையே" என்று அப்போது சிலர் கேட்டீர்கள். நெட் சரியில்லை என்று பதில் போட்டேன். நெட் நன்றாகத்தான் இருந்தது.

அது மழைக்காலம். நாலாம் ஃபார்ம் பிள்ளைகளுக்கு நான் ஒரு மாதிரித் தேர்வு வைத்திருந்தேன். விடைத்தாள் கட்டைப் போட்டு உட்கார்ந்தால் எனக்கு உலகம் தெரியாது. ஒரு வியாழக்கிழமை காலை, ஐந்தரை மணி இருக்கும், கையை நீட்டினேன். டம்ளர் இல்லை. காப்பி வரவில்லை. அப்போதுதான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். கொசுவலைக்குள் சுருண்டு கிடந்தாள். தொட்டால் கொதிக்கிறது. எப்போதிலிருந்து என்று கேட்டால், "செவ்வாக்கிழமை ராத்திரியிலருந்து" என்கிறாள்.

செவ்வாய் ராத்திரியிலிருந்து! அப்படியானால் புதன்கிழமை காப்பி? அதையும் அவள்தான் போட்டுக் கொடுத்தாள். நான் குடித்தேன். காய்ச்சலோடு ஒருத்தி கரி அடுப்பை ஊதிக் காப்பி போட்டு என் கையில் கொடுத்திருக்கிறாள், வாங்கின எனக்கு அவள் முகம் தெரியவில்லை.

தலைமையாசிரியர் சின்ன வயசுக்காரர், என்னை 'அகோகோ' என்றுதான் கூப்பிடுவார். தாத்தாவுக்கும் பாட்டிக்கும் இங்கே அந்த ஒரே சொல்தான். அவர் ஒரு பிக்கப் வண்டியைப் பிடித்துவந்தார். மிஷன் ஆஸ்பத்திரியில் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, சின்னப் பட்டையில் விட்டார்கள். கால் மணி நேரத்தில் இரண்டு கோடு. மலேரியா. மூன்று நாளைக்கு 24 மாத்திரை, வேளைக்கு நாலு. அட்டையைத் திருப்பிப் பார்த்தால் இந்தியாவில் செய்தது. கொஞ்சம் தைரியம் வந்தது. ஆனால் மாத்திரை உள்ளே தங்கவில்லை, வாந்தி. பேச்சும் குழறத் தொடங்கியது. சாயங்காலம் ஊசிக்கு மாற்றி வார்டில் சேர்த்தார்கள்.

அங்கே நர்ஸ் கேட்டாள், "இவங்களுக்கு கார்டியன் யார்?"

"நான் கணவர்" என்றேன்.

"கணவர்னு தெரியுது. கார்டியன் யார்?"

எனக்குப் புரியவில்லை. பிறகுதான் விளக்கினார்கள். இந்த நாட்டு ஆஸ்பத்திரிகளில் ஒவ்வொரு நோயாளியோடும் ஒருவர் வந்து தங்க வேண்டும். சாப்பாடு பொங்குவது, துணி துவைப்பது, உடம்பு துடைப்பது, கைத்தாங்கலாகக் கக்கூஸுக்குக் கூட்டிப்போவது, ராத்திரி பக்கத்தில் தரையில் படுப்பது எல்லாம் அவர் பொறுப்பு. அவருக்குத்தான் கார்டியன் என்று பெயர். நர்ஸுகள் மருந்துக்கு மட்டும். குறை சொல்லவில்லை, அத்தனை நோயாளிக்கு அவர்கள் எண்ணிக்கை மிகவும் குறைவு. அம்மாவோ, அக்காவோ, மகளோதான் பெரும்பாலும் கார்டியனாக வருவார்கள். எங்களுக்கு யார் இருக்கிறார்கள்? மகள் பெங்களூரில். என்னைத் தவிர ஆள் இல்லை.

கல்யாணமாகி 38 வருஷம். ஒரு நாள் நான் சோறு வடித்ததில்லை. இதைப் பெருமையாகவும் சொல்லவில்லை, வெட்கமாகவும் அதுவரை நினைத்ததில்லை. அது அப்படித்தான் என்று இருந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரி வாசலிலேயே எல்லாம் விற்கிறார்கள். ஒரு வாளி, ஒரு சட்டி, ஒரு மரத் துடுப்பு, ஒரு பொட்டலம் மக்காச்சோள மாவு வாங்கினேன். வார்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு நீளக் கொட்டகை. மூன்று கல் கூட்டின அடுப்புகள் வரிசையாக, புகை, குழந்தைகள், சட்டிகள். நாற்பது பெண்கள் இருப்பார்கள். ஆண்கள் என்னைச் சேர்த்து இரண்டே பேர். நான் உள்ளே போனதும் பேச்சு நின்றுவிட்டது. பேன்ட், முழுக்கைச் சட்டை, பாக்கெட்டில் சிவப்புப் பேனா. வகுப்பிலிருந்து வந்தவன்போல் நிற்கிறேன்.

கஞ்சி காய்ச்ச வேண்டும். தண்ணீரைக் கொதிக்க வைத்து அதில் மாவைக் கொட்டினேன். உங்கள் வீட்டுப் பெண்கள் இந்த இடத்திலேயே சிரித்திருப்பார்கள். அங்கேயும் சிரித்தார்கள். கோலிக்குண்டு கோலிக்குண்டாக உருண்டுவிட்டது. இன்னும் கொஞ்சம் மாவு போட்டேன், இன்னும் குண்டு. வாங்கின மாவில் முக்கால்வாசி போயிற்று.

பக்கத்து அடுப்பில் ஒரு பெண். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். அவள் குழந்தை எங்கள் வார்டில், மூன்று கட்டில் தள்ளிக் கிடந்தது. எழுந்து வந்து என் சட்டியை எடுத்து ஓரமாக வைத்தாள். தன் மாவுப் பையிலிருந்து இரண்டு கிண்ணம் எடுத்தாள். முதலில் பச்சைத் தண்ணீரில் கரைத்தாள், பிறகு கொதிக்கிற தண்ணீரில் ஊற்றித் துழாவினாள். இரண்டு சுற்று சுற்றிவிட்டு, துடுப்பை என் கையில் கொடுத்துத் தள்ளி நின்றுகொண்டாள். என்னைத் துழாவ விட்டு, பார்த்துக்கொண்டே நின்றாள். நான் தப்பாகச் செய்தபோது வாயால் சொல்லவில்லை. கையால் காற்றில் ஒரு வட்டம் போட்டுக் காட்டினாள், "அடிவரைக்கும்" என்கிற மாதிரி.

மாணவர்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். என்றைக்காவது சாக்பீஸை உங்கள் கையில் கொடுத்துவிட்டு நான் தள்ளி நின்றிருக்கிறேனா? எல்லாக் கணக்கையும் நானே போர்டில் போட்டு முடித்து, "புரிஞ்சுதா?" என்று கேட்பேன். நீங்களும் "புரிஞ்சுது சார்" என்பீர்கள். இப்போது என் வகுப்பில் பிள்ளைகள்தான் போர்டில் கணக்குப் போடுகிறார்கள். பாடம் மெதுவாகப் போகிறது. பரவாயில்லை.

கஞ்சியை வார்டுக்குக் கொண்டுபோய் ஸ்பூனால் ஊட்டினேன். இரண்டு வாய் வாங்கினாள். கண்ணைத் திறக்காமலே, "உப்பு இல்ல" என்றாள். அன்று காலையிலிருந்து அவள் தெளிவாகச் சொன்ன முதல் வார்த்தை அது. நான் வராந்தாவுக்கு வந்து கொஞ்ச நேரம் நின்றேன். கண்ணாடியைத் துடைக்க வேண்டியிருந்தது.

ராத்திரி தரையில் படுத்தேன். அந்தப் பெண்களே ஒரு பாயை விரித்துக் கொடுத்தார்கள். மறுநாள் துணி துவைக்க உட்கார்ந்தபோது ஒரு கிழவி வந்து என் கையிலிருந்து சேலையைப் பிடுங்கிக்கொண்டாள். நான் சோப்பை வீணாக்குகிறேனாம். மத்தியானம் பூசணி இலையை நிலக்கடலைப் பொடி போட்டு வேகவைத்து, ந்சீமாவோடு எனக்கும் ஒரு தட்டு வந்தது. ந்சீமா என்றால் நம் களி மாதிரி, மக்காச்சோளத்தில், வெள்ளை வெளேரென்று. பசியில் நன்றாகச் சாப்பிட்டேன்.

மூன்று ஊசி, பிறகு மறுபடி மாத்திரை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு விட்டார்கள். இரண்டு நாள் கழித்து, என்னோடு வேலை பார்க்கிற ஆசிரியர் ஒருவரிடம் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். மாவு கொடுத்ததைச் சொன்னதும் அவர் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார், "அகோகோ, இது பிப்ரவரி."

இங்கே வருஷத்துக்கு ஒரே மழைக்காலம், ஒரே பெரிய அறுவடை. ஏப்ரல் வாக்கில் மக்காச்சோளம் ஒடிப்பார்கள். அதற்கு முந்தின இரண்டு மூன்று மாதம்தான் பஞ்ச மாதம். பழைய தானியம் தீர்ந்திருக்கும், புதியது வயலில் பச்சையாக நிற்கும். பல வீட்டில் ஒரு வேளைதான் சாப்பாடு. அதற்கு முந்தின வருஷம், 2023 மார்ச்சில் ஃபிரெடி புயல் இந்தத் தென் பகுதியைத்தான் அடித்தது. நாட்டில் 600 பேருக்கு மேல் இறந்துபோனார்கள், வயலெல்லாம் மண் மூடிப்போயிற்று. நவம்பரில் குவாச்சா நாணயத்தின் மதிப்பை 44 சதவீதம் ஒரேயடியாகக் குறைத்தார்கள், மாவு விலை ஏறிற்று. 2024-ல் மழையும் பொய்த்தது. நாங்கள் வீடு திரும்பின அடுத்த மாதமே நாட்டில் உள்ள 28 மாவட்டங்களில் 23-ஐப் பேரிடர் பகுதி என்று அறிவித்தார்கள். அப்படிப்பட்ட பிப்ரவரியில்தான், தன் குழந்தைக்கு வைத்திருந்த பையிலிருந்து இரண்டு கிண்ணம் மாவு எனக்கு வந்திருக்கிறது. நான் முக்கால் பொட்டலத்தைக் குண்டாக்கிக் கொட்டினதையும் அவள் பார்த்தாள். அப்போதுதான் யோசித்தேன். அவர்கள் அன்றைக்கு அவ்வளவு நேரம் சிரிக்கவில்லை.

அன்று சாயங்காலமே ஐந்து கிலோ மாவு வாங்கிக்கொண்டு போனேன். அந்தக் கட்டிலில் வேறு குழந்தை. பிளான்டயர் பெரிய ஆஸ்பத்திரிக்கு முந்தின நாளே அனுப்பிவிட்டார்களாம். எனக்கு அவள் பெயர்கூடத் தெரியாது. இங்கே பெண்களைப் பிள்ளையின் பெயர் சொல்லி, இன்னாரின் அம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். அந்தப் பிள்ளையின் பெயரையும் நான் காதில் வாங்கவில்லை. மாவைக் கொட்டகையில் இருந்தவர்களிடம் கொடுத்தேன். உள்ளங்கையைக் குழித்துத் தட்டி ஸிகோமோ சொன்னார்கள். எனக்கு நிற்க முடியவில்லை. அந்தக் குழந்தை பிழைத்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தினமும் ஜெபத்தில் சொல்கிறேன். பெயரில்லாமல் எப்படிச் சொல்வது என்று முதலில் தடுமாறினேன். இப்போது "மூணு கட்டில் தள்ளி இருந்த பிள்ளை" என்று சொல்கிறேன்.

இதற்குள் பெங்களூரிலிருந்து போன். "அப்பா, போதும். அம்மாவைக் கூட்டிட்டு உடனே வாங்க. உங்க ஆசைக்கு அவங்க ஏன் சாகணும்?" பிள்ளை அப்படித்தான் பேசுவாள், பேசட்டும். கேள்வி நியாயமானது. எனக்கும் அதே நினைப்புதான். டிக்கெட் விலை பார்த்து, தலைமையாசிரியருக்குக் கடிதமும் எழுதி வைத்துவிட்டேன். அன்று ராத்திரி அவளிடம் சொன்னேன், "கிளம்புவோம்."

"நீங்க வேணும்னா போங்க" என்றாள். "எனக்குத் தையல் கிளாஸ் இருக்கு."

அதைப் பற்றி நான் உங்களுக்கு இதுவரை எழுதவே இல்லை. வந்த இரண்டாம் மாதமே ஆரம்பித்துவிட்டாள். பெண் பிள்ளைகள் மாதத்தில் நாலைந்து நாள் வகுப்புக்கு வருவதில்லை. கடையில் விற்கிற நாப்கின் அவர்கள் விலைக்கு எட்டாது. வகுப்பில் பெயரைக் கூப்பிட்டு ஆப்சென்ட் போட்டதோடு என் வேலை முடிந்தது. காரணத்தை விசாரித்தவள் அவள். பழைய காலால் மிதிக்கிற மெஷின் இரண்டைப் பள்ளி ஸ்டோரிலிருந்து வெளியே எடுத்து, எண்ணெய் போட்டு, துவைத்துத் துவைத்துப் பயன்படுத்துகிற துணி நாப்கின் தைக்கச் சொல்லிக்கொடுக்கிறாள். இப்போது 23 பிள்ளைகள். ஆங்கிலம் அவளுக்குக் கொஞ்சம்தான், சிச்சேவா என்னைவிட நன்றாக வருகிறது. பிள்ளைகளுக்கு அகோகோ என்றால் அவள்தான். நான் 'சார்'.

நம் பக்கத்தில் கால்டுவெல்லைத் தெரியாதவர் இல்லை. 1841-ல் இடையன்குடிக்கு வந்தார், ஒப்பிலக்கணம் எழுதினார், கோயில் கட்டினார். அவர் மனைவி எலைசா, நாகர்கோவில் மால்ட் ஐயரின் மகள், அதே ஊரில் பெண் பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் படிப்பும் லேஸ் பின்னலும் சொல்லிக்கொடுத்தார். அந்த லேஸில் கஞ்சி குடித்த குடும்பங்கள் நம் சொந்தத்திலேயே உண்டு. கால்டுவெல்லைப் பற்றி மேடையில் பலமுறை பேசியிருக்கிறேன். எலைசாவின் பெயரை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். மகளிடம் அவளே பேசிக்கொண்டாள். என்ன பேசினாள் என்று எனக்குச் சொல்லவில்லை.

கொஞ்சம் தேறி அவள் மறுபடி அடுப்படிக்கு வந்த முதல் நாள், காலை ஐந்தரைக்கு டம்ளர் வந்தது. ஊரிலிருந்து கொண்டுவந்த கருப்பட்டியில் கடைசித் துண்டு போட்ட காப்பி. "நன்றி" என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. உண்மையாகச் சொல்கிறேன், மேடையில் நன்றியுரை எத்தனையோ தடவை சொன்ன வாய், வீட்டுக்குள் அந்த வார்த்தையைச் சொல்ல முடியாமல் நின்றது. டம்ளரைக் கீழே வைத்தேன். உள்ளங்கை இரண்டையும் குழித்து, மெல்லத் தட்டி, "ஸிகோமோ" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள், எனக்கும் காய்ச்சலோ என்று. பிறகு, "சரி சரி, காப்பி ஆறுது. குடிச்சிட்டு ரெண்டு வாளி தண்ணி அடிச்சிட்டு வாங்க" என்றாள்.

இப்போது தண்ணீர் என் வேலை. கைப்பம்பில் பெண்கள் எனக்கு வழி விடுவார்கள், நான் வரிசையில்தான் நிற்பேன். தலையில் வைக்கத் தெரியாது, கையில் தூக்குவேன், பாதி வழியில் சிந்தும். வாரத்தில் இரண்டு நாள் கஞ்சியும் நான்தான். உப்பு போடுகிறேன்.

உங்களிடம் ஒரு காரியம் கேட்கத்தான் இவ்வளவும். காலை ஐந்தரை மணி டியூஷனுக்கு எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்த நீங்கள் எல்லாரும், 'சார் வீட்டு அக்கா' கையால் கருப்பட்டிக் காப்பி குடித்தவர்கள். மழை நாளில் முறுக்கும் உண்டு. பீஸ் வாங்கினது நான், அடுப்பு மூட்டினது அவள். அவளுக்கு அதே பழைய நம்பர்தான், வாட்ஸ்அப்பில் இருக்கிறாள். ஒரு நாள் கூப்பிட்டுப் பேசுங்கள். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

இங்கே நேரம் மூன்றரை மணி பின்னால். காலையில் கூப்பிடாதீர்கள், உங்களுக்கு ஏழு மணி என்றால் எங்களுக்கு விடியற்காலம் மூன்றரை. ராத்திரி ஏழிலிருந்து எட்டரை வரையும் வேண்டாம். அப்போது இங்கே தையல் கிளாஸ், எடுக்க மாட்டாள்.